திரை கறுத்ததும் அழித்து நிறுவாதீர்கள்: லினக்ஸில் படம் பிழைத்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதன்பின் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தை மேசைக்குப் பழைய மடிக்கணினிகள் வருவது கூடிவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாக ஓடக்கூடிய கணினிகள். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் இயக்குதளம் போட்டுக் கொடுக்கிறேன். கொண்டுபோனவர்கள் திரும்பி வந்தால் அநேகமாகத் திரைக் கோளாறோடுதான் வருவார்கள். "அண்ணா, படம் வருதில்லை" என்பதுதான் முறைப்பாடு.

மூதூரிலிருந்து வந்த ஒரு மாணவியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். உயர்தரத்துக்குப் படிக்கிறவர். அப்டேட் செய்த மறுநாள் அவருடைய கணினித் திரை கறுத்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தார். அங்கே முழுவதையும் அழித்து மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். படம் வந்தது, இரண்டு வருடமாகச் சேர்த்த குறிப்புகள் எல்லாம் போயின. சில நாளில் அதே அப்டேட் திரும்ப வந்தது, திரை திரும்பவும் கறுத்தது. அப்போதுதான் என்னிடம் வந்தார். தொடக்கப் பட்டியலில் பழைய கேர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பை, தெரிவுசெய்தேன், படம் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். படம் வராததற்காகக் கோப்புகளை அழிக்கவேண்டிய தேவை ஏறக்குறைய எப்போதும் இல்லை.

குழாயில் தண்ணீர் நின்றால் யாரும் கந்தளாய்க் குளம் வரை போவதில்லை. முதலில் வாசலில் மீற்றரடியில் திருப்பிப் பார்ப்போம், அப்புறம் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்போம். கணினித் திரைக்கும் அதே முறைதான். படம் ஐந்து இடங்களைத் தாண்டி வருகிறது. பவர் பொத்தானை அழுத்தியதும் தயாரிப்பாளரின் லோகோ, அடுத்தது கிரப் என்ற தொடக்கப் பட்டியல், அடுத்தது கேர்னல் எழுந்து கிராஃபிக்ஸ் சிப்பைத் தன் கைக்கு எடுக்கும் நேரம், பிறகு கடவுச்சொல் கேட்கும் பக்கம், கடைசியில் டெஸ்க்டொப். எந்த இடம் வரை படம் வந்தது, எங்கே தொலைந்தது என்று கண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. லோகோவிலேயே கோடு விழுந்தால் அது லினக்ஸின் பிழை அல்ல. லோகோ தெளிவாக வந்து பிறகு கறுத்தால் திரை உடைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

"லோகோவும் வருதில்லை"

இது இயக்குதளம் தொடங்குவதற்கு முந்தைய கட்டம். லினக்ஸ் இன்னும் எழும்பவே இல்லை.

மேசைக் கணினி என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் மொனிட்டர் வயரை மதர்போர்டின் வாயில் செருகியிருப்பார்கள். கார்டின் வாய்க்கு மாற்றிச் செருகினால் சரி. மேசையைத் துடைக்கக் கழற்றி, திரும்ப மாறிச் செருகியதாகத்தான் பல நேரம் முடியும்.

மடிக்கணினியில் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் இல்லை. அது திரை மாற்றும் வேலை, அல்லது திரைக்குப் போகும் நாடா வயரின் வேலை. ஒன்றுமே தெரியாவிட்டால் வெளியே ஒரு மொனிட்டரையோ டிவியையோ எச்டிஎம்ஐயில் மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ரம் எனும் நினைவகத்தைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து மறுபடி அழுத்திப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் திருத்துநரிடம் போவது நல்லது.

"லோகோ வருது, அங்கால கறுப்பு"

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். நிதானமாகப் பார்க்கவேண்டியதும் இதுதான்.

2009இல் வெளிவந்த கேர்னல் 2.6.29 காலத்திலிருந்து, திரையின் அளவையும் வேகத்தையும் தீர்மானிக்கும் பொறுப்பு படிப்படியாகக் கேர்னலின் கைக்கு வந்தது. அதற்கு முன் அது எக்ஸ் என்ற வரைகலைச் சேவையகத்தின் வேலையாக இருந்தது. இப்போது கணினி எழும்பிய சில நொடிக்குள் கேர்னல் டிரைவர் என்ற இயக்கு மென்பொருளைக் கொண்டு கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்புகிறது. இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியூ, அதிலும் பழைய சிப்புகளுக்கு ரேடியான், என்விடியாவுக்கு நுவோ. அந்த டிரைவரும் சிப்பும் ஒத்துப்போகாத நொடியில்தான் திரை கறுக்கிறது. கணினி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கப்ஸ்லொக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அநேகமாகக் கணினி உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் கிரப் பட்டியலை வெளியே கொண்டுவர வேண்டும். பழைய பயோஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி தொடங்குங்கள். புதியவற்றில் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரு தரம் தட்டுங்கள். பதற்றத்தில் பல தரம் தட்டினால் பட்டியலைத் தாண்டிக் கட்டளை வரிக்குப் போய்விடும். அப்படி நடந்தால் மறுபடி தொடங்கி ஒரே ஒரு தரம் தட்டுங்கள். பட்டியலில் இரண்டாவதாக "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்றிருக்கும். அதற்குள் போனால் கேர்னல்கள் எண்ணோடு வரிசையாக நிற்கும். மேலே புதியது, கீழே பழையது. பழையதை எடுத்து என்டர் தட்டுங்கள். படம் வந்துவிட்டால் குற்றம் புதிய கேர்னலில், அல்லது அதற்கு ஒத்துப்போகாத டிரைவரில். அடுத்த அப்டேட் வரும் வரை பழைய கேர்னலிலேயே வேலைசெய்யலாம்; ஒன்றும் ஆகாது. ஆனால் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பழைய கேர்னலை அழித்துவிடாதீர்கள்.

பழைய கேர்னலிலும் கறுப்புத்தான், அல்லது இப்போதுதான் புதிதாக நிறுவினோம், பழையதே இல்லை என்றால் அடுத்த வழி. பட்டியலில் முதல் வரியில் நின்றபடி "ஈ" எழுத்தைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். அவற்றில் "லினக்ஸ்" என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போங்கள். அங்கே "குவையட் ஸ்பிளாஷ்" என்ற இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு, ஓர் இடைவெளி விட்டு "நோமோட்செட்" (என்-ஓ-எம்-ஓ-டி-ஈ-எஸ்-ஈ-டி) என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பிறகு எஃப்10, அல்லது கொன்ட்ரோலோடு எக்ஸ். குவையட் ஸ்பிளாஷை எடுப்பதால் கேர்னல் பேசுவதெல்லாம் வெள்ளை எழுத்தில் ஓடும். எங்கே நிற்கிறது என்று கடைசி வரியைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நோமோட்செட், சிப்பைத் தொடாதே என்று கேர்னலுக்குச் சொல்கிறது.

இப்போது படம் வந்தால், முரடாகவோ பெரிதாகவோ வந்தாலும், சந்தோசப்படுங்கள்: கோளாறு டிரைவரில்தான், திரையில் இல்லை. இங்கே மாற்றியது இந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான். மறுமுறை தொடங்கினால் போய்விடும். அது நல்லதும்கூட. நோமோட்செட் உள்ளே போவதற்கான திறப்பு மட்டும்தான். அதை நிரந்தரமாக்கினால் சிப் சும்மா இருக்க, எல்லாப் படத்தையும் சிபியூ வரைய நேரும்.

உள்ளே போனதும் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, எல்-எஸ்-பி-சி-ஐ என்று சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடு, கே. விஜிஏ அல்லது 3டி என்று வரும் பகுதியில் சிப்பின் பெயரும், கீழே அது பாவிக்கும் டிரைவரின் பெயரும் இருக்கும். என்விடியா என்றால் உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்", மின்டில் "டிரைவர் மேனேஜர்". அங்கே "பரிந்துரைக்கப்பட்டது" என்று காட்டுவதை நிறுவுங்கள். என்விடியாவின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போடவேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் போட்டால், கேர்னல் மாறும்போது டிரைவரைப் புதிய கேர்னலுக்கு ஏற்றபடி மாற்றுவது பெரும்பாலும் உங்கள் கையில் விழும். அது தெரியாமல் அடுத்த அப்டேட்டில் திரும்ப விறாந்தைக்கு வருவீர்கள்.

மிகப் பழைய என்விடியா கார்டுகளுக்கு இன்னொரு நிலைமை. ஜீஃபோர்ஸ் 400, 500 வரிசைகளுக்கான 390 டிரைவரின் ஆதரவு 2022 கடைசியில் முடிந்தது. அதற்கும் முந்தைய 8, 9, 200 வரிசைகளுக்கான 340 டிரைவர் 2019 கடைசியிலேயே நின்றுவிட்டது. இவற்றைப் புதிய கேர்னலில் ஓட்டுவதற்காக இரவு பகலாக மல்லுக்கட்டுவதைவிட, நுவோவோடு விட்டுவிடுவதுதான் என் தெரிவு. பாடம் படிக்கவும் வீடியோ பார்க்கவும் அது போதும்.

என்விடியா டிரைவர் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, "போட்டும் வேலை செய்யுதில்லை" என்று வருகிறவர்கள் பலர். இங்கே செக்கியூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பைப் பார்க்கவேண்டும். அது இயங்கும் கணினியில், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கேர்னல் உள்ளே விடாது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையொன்று வந்து பத்து நொடி எண்ணும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அந்தப் பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தெரிவுசெய்து, கொன்டினியூ, யெஸ், அந்தக் கடவுச்சொல், ரீபூட். இவ்வளவுதான். தவறவிட்டால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் நீலத் திரை திரும்ப வரும்.

இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் என்விடியாவை எழுப்பும்போது மட்டும் கறுக்கிறது என்றால், சூடோ (நிர்வாகி உரிமையோடு செய் என்று சொல்லும் சொல்), பிரைம்-செலக்ட், இன்டெல் என்று மூன்று சொல்லும் தட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மின்கலமும் கூட நேரம் நிற்கும்.

"பாஸ்வேர்ட் அடிச்சா திரும்ப அங்கேயே வருது"

கடவுச்சொல் பிழையென்றால் பிழை என்று சொல்லும். சொல்லாமல், திரை ஒரு கணம் கறுத்து அதே பக்கத்துக்கு வருகிறதென்றால் கடவுச்சொல் சரி. டெஸ்க்டொப்தான் எழும்ப முடியாமல் விழுகிறது.

பெரும்பாலான நேரம் காரணம் வட்டு நிறைந்திருப்பது. டெஸ்க்டொப் தொடங்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுதவேண்டும். எழுத இடமில்லை, விழுந்துவிடுகிறது. கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். படமில்லாத கறுப்பு எழுத்துத் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போங்கள். கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, அது வழமை. டி-எஃப், இடைவெளி, சிறுகோடு, எச். நூறு சதவீதம் என்று காட்டினால் அதுதான் காரணம். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் அமைத்த வட்டில் ஐந்து சதவீத இடம் நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் உங்கள் கணக்கு முடங்கினாலும் சூடோ போட்டு வேலைசெய்ய முடிகிறது. முதலில் சூடோ, ஏபிடி, கிளீன். இறக்கிய பொதிகளின் மிச்சம் போகும். அதற்கு மேல் உங்கள் கோப்புகளில் எதை எடுப்பது என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் இடைமுகம் பாவிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த எழுத்துத் திரையில் தமிழ் தெரியாது. அதன் எழுத்துருவில் ஆகக்கூடியது 512 வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து வரையும் திறனும் அதற்கில்லை. அதனால் செய்திகள் கட்டம் கட்டமாக விழும். கணினி முற்றாகப் பழுதாகிவிட்டது என்று பயந்து அணைத்துவிடுகிறார்கள். பழுதில்லை. எக்ஸ்போர்ட் என்று சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் எல்-சி, கீழ்க்கோடு, ஏ-எல்-எல், சமன் குறி, பெரிய சி. என்டர் தட்டியதும் அதற்குப் பிறகு வருகிற செய்திகள் ஆங்கிலத்தில் வரும். "பதிவிறக்கங்கள்" போன்ற தமிழ்ப் பெயருள்ள அடைவுகள் மட்டும் கட்டங்களாகவே நிற்கும்; அவற்றைத் தொடாமல், லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸைத் தொடங்கும் யூஎஸ்பி) படத்தோடு திறந்து பார்ப்பது பாதுகாப்பு. நம் மொழியில் கணினி பாவிப்பவர் தண்டிக்கப்படுவது போல் இருக்கிறது இது. ஆனாலும் தமிழ் இடைமுகத்தை விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு வரியைக் கணினியின் அடியில் ஒட்டி வையுங்கள், போதும்.

வட்டில் இடம் இருந்தும் உள்ளே விடவில்லையென்றால், வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் "எக்ஸ்-ஒதோரிட்டி" (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, நடுவில் கோடு இல்லை) கோப்பின் உரிமையாளர் யாரென்று பாருங்கள். யாரோ சூடோ போட்டு வரைகலையைத் தொடங்க முயன்றிருந்தால் அது நிர்வாகியின் பெயரில் இருக்கும். அந்தக் கோப்பை நீக்கினால் அடுத்த நுழைவில் புதிதாக உருவாகும்.

மின்வெட்டும் இதைச் செய்யும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாத நாட்களில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிகள் இப்படித்தான் வந்து குவிந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை குழம்பும். அடுத்த தொடக்கத்தில் கேர்னல் வட்டை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. கிரப்பில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் ரிக்கவரி மோட், அதில் வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே. அது ஓடி முடியும் வரை பொறுத்திருங்கள்.

"எல்லாம் பெரிசு பெரிசாத் தெரியுது"

இது எங்கள் ஊருக்கே உரிய வியாதி என்று சொல்லலாம். 1920க்கு 1080 மொனிட்டர், ஆனால் படம் 1024க்கு 768க்கு மேல் ஏற மறுக்கிறது. செட்டிங்ஸில் வேறு அளவே காட்டாது. எல்லோரும் டிரைவரைத் தேடுவார்கள். நான் வயரைத் தேடுவேன்.

ஒவ்வொரு மொனிட்டருக்குள்ளும் குறைந்தது 128 பைட்டில் ஒரு சின்ன அறிமுகக் குறிப்பு இருக்கிறது, ஈடிட் என்பார்கள். நான் இன்ன தயாரிப்பு, என்னால் இன்னின்ன அளவு காட்ட முடியும் என்று அது சொல்லும். விஜிஏ வயரின் 15 ஊசிகளில் மூன்றாவது வரிசையில் உள்ள 12ஆம், 15ஆம் ஊசிகள்தான் அந்தக் குறிப்பைக் கொண்டுவருகின்றன. அவை தொடாவிட்டால் படம் வரும், ஏனென்றால் நிறங்கள் வேறு ஊசிகளில் வருகின்றன. ஆனால் மொனிட்டர் யாரென்று கேர்னலுக்குத் தெரியாது. தெரியாத திரைக்குப் பாதுகாப்பாக 1024க்கு 768 வரைதான் கொடுக்கும். செட்டிங்ஸில் "டிஸ்பிளேஸ்" பக்கத்தில் மொனிட்டரின் பெயருக்குப் பதிலாகத் "தெரியாத திரை" என்ற பொருளில் ஏதாவது வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஏன் எங்கள் ஊருக்குரியது? இரண்டு பக்கமும் கடல். கச்சான்காற்று மாதங்களில் புழுதி, வாடைக்காற்று மாதங்களில் ஈரம், எல்லா மாதமும் உப்பு. கடற்கரையை ஒட்டிய வீடுகளிலும் சல்லி, நிலாவெளிப் பக்கத்திலும் இரண்டு வருடம் அசையாமல் கிடந்த விஜிஏ வயரைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பழைய பல்துலக்கியால் இரு பக்கமும் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் போடவேண்டாம்; மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு விரைவாக வரும். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமலே பல வயர்கள் வருகின்றன, அதற்குக் கவலைப்படத் தேவையில்லை. மூன்றாவது வரிசையில் வளைந்தோ உடைந்தோ இருந்தால் வயரையே மாற்றுங்கள். முடிந்தால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். மலிவான எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றிகளும் இந்தக் குறிப்பை விழுங்குவதுண்டு, அதையும் கழற்றிப் பார்க்கவேண்டும்.

வயரை மாற்ற வழியில்லாதபோது கையால் அளவைச் சொல்லலாம். எக்ஸ்ரேண்டர் கட்டளையைப் பாவிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அது எக்ஸ் அமர்வில்தான் அளவை மாற்றும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் அமர்வில் ஒன்றும் நடக்காது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதை உபுண்டுவில் செட்டிங்ஸ், அபவுட் பக்கத்தில் "விண்டோயிங் சிஸ்டம்" என்ற வரி சொல்லும். உபுண்டு 21.04 முதல் வேலண்ட்தான் முதல் தெரிவு, 25.10இல் எக்ஸ் அமர்வே எடுக்கப்பட்டுவிட்டது. மின்டின் சினமன் டெஸ்க்டொப் இன்னும் வழமையாக எக்ஸில்தான் ஓடுகிறது.

இரண்டுக்கும் பொதுவான வழி கேர்னலிடமே சொல்வது. முன்பு நோமோட்செட் தட்டிய அதே இடத்தில், அதற்குப் பதிலாக: வீடியோ, சமன் குறி, பெரிய எழுத்தில் விஜிஏ, சிறுகோடு, 1, முக்காற்புள்ளி, 1920, சிறிய எக்ஸ், 1080, அட் குறி, 60. நடுவில் இடைவெளி கூடாது. சரியாக வந்தால் நிரந்தரமாக்கலாம்: ஈடிசி அடைவுக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பை சூடோவோடு திறந்து, குவையட் ஸ்பிளாஷ் இருக்கும் மேற்கோளுக்குள் இதையும் சேர்த்து, சேமித்து, சூடோ அப்டேட்-கிரப். 1366க்கு 768 திரையில் 1368 என்று வந்தால் பதறவேண்டாம். அளவைக் கணக்கிடும் முறை எட்டின் மடங்கையே கேட்கிறது; 1366 எட்டால் பிரியாது, 1368 பிரியும்.

"மொனிட்டர்ல அவுட் ஒஃப் ரேஞ்ச் எண்டு வருது"

மொனிட்டரால் காட்ட முடியாத அளவையோ வேகத்தையோ கொடுத்துவிட்டீர்கள். உபுண்டுவின் டெஸ்க்டொப்பான க்னோமில் அளவை மாற்றினால் 20 நொடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பும். எதையும் தொடாமல் காத்திருங்கள். உறுதிசெய்த பிறகு மாட்டிக்கொண்டால் எழுத்துத் திரைக்குப் போய், வீட்டு அடைவில் புள்ளி-கொன்ஃபிக் அடைவுக்குள் இருக்கும் "மொனிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்" கோப்பின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரை அமைப்பு முழுவதும் புதிதாகத் தொடங்கும்.

"ஊர்ந்து ஊர்ந்து ஓடுது"

அபவுட் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். சிப்பின் பெயருக்குப் பதிலாக "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால் சிப் தூங்குகிறது, சிபியூ படம் வரைகிறது. யாரோ நோமோட்செட்டைக் கிரப் கோப்பில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எடுத்துவிட்டு அப்டேட்-கிரப். எடுத்ததும் கறுத்தால் மேலே இரண்டாவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

"மஞ்சளாத் தெரியுது", "ரோஸ் அடிக்குது"

பொழுதுபட்ட பிறகு மட்டும் மஞ்சள் என்றால் "நைட் லைட்" இயங்குகிறது, செட்டிங்ஸில் நிறுத்துங்கள். எந்நேரமும், லோகோவிலும் நிறம் மாறியிருந்தால் விஜிஏ வயர்தான். நீல ஊசி தொடாவிட்டால் வெள்ளை மஞ்சளாகும், பச்சை தொடாவிட்டால் ரோஸ், சிவப்பு தொடாவிட்டால் வெளிர்நீலம். பல்துலக்கிதான் மருந்து.

"திரை மினுங்கி மினுங்கிப் போகுது"

இன்டெல் மடிக்கணினியில், எதையும் அசைக்காமல் இருக்கும்போது மினுங்கினால் திரை தன்னைத்தானே புதுப்பிக்கும் மின்சேமிப்பு வசதி காரணமாக இருக்கலாம். கிரப் வரியில் ஐ915, புள்ளி, எனேபிள், கீழ்க்கோடு, பி-எஸ்-ஆர், சமன், 0 என்று சேர்த்துப் பாருங்கள். மூடியை அசைக்கும்போது மினுங்கினால் நாடா வயர், அதற்குக் கட்டளை இல்லை.

"புரொஜெக்டருக்குப் போகுதில்லை"

ரியூசன் வகுப்பில் ரீச்சர்மார் முப்பது பிள்ளைகள் பார்த்திருக்கத் தடுமாறும் நேரம் இது. விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு பி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தெரிவு. "மிரர்" வந்ததும் விடுங்கள். புரொஜெக்டரை முதலில் போட்டு, அது சூடாகிய பின் வயரைச் செருகினால் அறிமுகக் குறிப்பு சரியாக வந்து சேரும். டிவியில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் அது லினக்ஸில் அல்ல, டிவியின் படவிகித மெனுவில் "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்" போன்ற தெரிவில் சரியாகும்.

எதுவும் சரிவராவிட்டால்

லைவ் யூஎஸ்பியில் தொடங்குங்கள். நிறுவவேண்டாம், "டிரை" என்பதை மட்டும். அதில் படம் நன்றாக வந்தால் வன்பொருள் பெரும்பாலும் நலம். கோளாறு வட்டில் நிறுவியிருக்கும் லினக்ஸில்தான். படம் வராவிட்டால் உபுண்டு யூஎஸ்பியின் பட்டியலில் "சேஃப் கிராஃபிக்ஸ்" இருக்கும், அது நோமோட்செட்டேதான். உள்ளே போனதும் முதல் வேலை, கோப்பு மேலாளரில் வட்டைத் திறந்து, ஹோம் அடைவுக்குள் உங்கள் பெயருள்ள அடைவை முழுவதுமாக வெளி வட்டுக்குப் பிரதியெடுப்பது. "அனுமதி இல்லை" என்று வந்தால் டெர்மினலில் சூடோவோடு பிரதியெடுக்கலாம். பிரதியெடுத்ததை இன்னொரு கணினியில் திறந்து, இரண்டு மூன்று கோப்புகளையாவது விரித்துப் பாருங்கள்.

அதன்பிறகு மறுபடி நிறுவவேண்டி வந்தால் நிறுவுங்கள். அப்போது ஹோமுக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கிவிடுங்கள். அடுத்த தரம் யார் கையில் கணினி போனாலும், அந்தப் பகுதியை ஃபோர்மட் செய்யவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூதூர்ப் பிள்ளையின் கணினியில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.